சிங்கப்பூர் – கோலாலம்பூர்: தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு? 25 பயனுள்ள குறிப்புகள்

"கோலாலம்பூருக்கு விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்று சிங்கப்பூரில் யாரைக் கேட்டாலும் "ஒரு மணி நேரம்தான்" என்று பதில் வரும். பதில் தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி, மாலை ஆறரை மணிக்குக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்கும் கல்யாண வரவேற்புக்கு ஐந்து மணி விமானத்தில் இடம் எடுத்தால், மண்டபத்துக்குள் நுழையும்போது பந்தி பாதி முடிந்திருக்கும். வானில் பறக்கும் நேரம் வேறு, வீட்டை விட்டுக் கிளம்பி அடுத்த ஊரில் போய்ச் சேரும் நேரம் வேறு.

அக்கா சிங்கப்பூரிலும் தங்கை கோலாலம்பூரிலுமாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள், சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து இரண்டு ஊரையும் ஒரே சுற்றில் பார்க்கிறவர்கள் என்று இந்த வழியில் கூட்டம் குறைவதே இல்லை. உலகிலேயே அதிகப் போக்குவரத்து உள்ள பன்னாட்டு விமான வழிகளில் இதுவும் ஒன்று. இந்தப் பயணத்தை அலைச்சல் இல்லாமல் முடிக்க உதவும் குறிப்புகள் இவை.

தூரமும் நேரமும்

1. எந்தத் தூரம் என்று முதலில் பாருங்கள். சாங்கி விமான நிலையத்துக்கும் சிப்பாங்கில் உள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்துக்கும், அதாவது கேஎல்ஐஏவுக்கும், நேர்கோட்டில் சுமார் 297 கிலோமீட்டர். நகர மையத்திலிருந்து நகர மையத்துக்கு நேர்கோட்டில் சுமார் 315 கிலோமீட்டர். சாலை வழியே போனால் சுமார் 350 கிலோமீட்டர். மூன்றும் சரியான கணக்குகளே. பேருந்துக்கும் காருக்கும் சாலைத் தூரத்தையும், விமானத்துக்கு முதல் கணக்கையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. பயணச்சீட்டில் அச்சிட்டிருப்பது பறக்கும் நேரம் அல்ல. சீட்டில் பொதுவாக ஒரு மணி 5 நிமிடம் முதல் ஒரு மணி 20 நிமிடம் வரை போட்டிருக்கும். விமானம் வாயிலை விட்டுப் பின்னே நகர்வதில் தொடங்கி, அடுத்த ஊரின் வாயிலில் வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது. தரையிலிருந்து எழும்பித் தரை தொடும் வரை பார்த்தால் பெரும்பாலும் 40 முதல் 50 நிமிடம்தான். மீதி நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதிலும் முறை வரும்வரை நிற்பதிலும் கழிகிறது.

3. தூரத்தை வேகத்தால் வகுத்து ஏமாறாதீர்கள். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகம் என்றால் 297 கிலோமீட்டரை 22 நிமிடத்தில் கடந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் விமானம் மேலேறவே கால் மணி நேரம் ஆகும். இறங்குவதற்குச் சுமார் 20 நிமிடம். முழு வேகத்தில் சமதளமாகப் பறப்பது சில நிமிடங்கள்தான். இடைவார் விளக்கு அணைந்து, பணிப்பெண் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் "தரையிறங்கப் போகிறோம்" என்ற அறிவிப்பு வந்துவிடும். குறைந்த தூர விமானங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

4. எந்த இரண்டு ஊருக்கும் பொருந்தும் எளிய கணக்கு ஒன்று. கிலோமீட்டரை 800ஆல் வகுத்து, வரும் நேரத்தோடு 40 நிமிடம் கூட்டுங்கள். சீட்டில் உள்ள நேரத்துக்கு அது ஏறக்குறைய ஒத்துப்போகும். சிங்கப்பூர்–ஜகார்த்தா சுமார் 900 கிலோமீட்டர்: ஒரு மணி 47 நிமிடம். சிங்கப்பூர்–ஹோ சி மின் நகரம் சுமார் 1,100 கிலோமீட்டர்: இரண்டு மணிக்குச் சற்று மேல். சிங்கப்பூர்–பேங்காக் சுமார் 1,400 கிலோமீட்டர்: இரண்டு மணி 25 நிமிடம். சிங்கப்பூர்–மணிலா சுமார் 2,400 கிலோமீட்டர்: மூன்று மணி 40 நிமிடம். காற்றின் திசை, விமான நிலைய நெரிசல் இவற்றால் பத்து, பதினைந்து நிமிடம் முன்பின் ஆகலாம். வீட்டில் திட்டம் போட இது போதும்.

5. கடிகாரத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. அதனால் கோலாலம்பூர் பயணத்தில் சேரும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கழித்தால் போதும். ஆனால் பேங்காக், ஜகார்த்தா, ஹனோய், ஹோ சி மின் நகரம் ஆகியவை ஒரு மணி நேரம் பின்தங்கியவை. யாங்கோன் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. சிங்கப்பூரில் காலை 9 மணிக்குக் கிளம்பும் விமானம் ஜகார்த்தாவில் 9.50க்கு இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், ஐம்பது நிமிடத்தில் போய்விடும் என்று பொருளில்லை. இந்திய நேரம் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஊரில் உள்ளவர்களிடம் வந்து சேரும் நேரத்தைச் சொல்லும்போது எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

6. முக்கியமான வேலை இருந்தால் பிற்பகல் விமானத்தைத் தவிருங்கள். இந்த வட்டாரத்தில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கொட்டும். மின்னல் அருகில் இருக்கும்போது பெட்டி ஏற்றுவது, எரிபொருள் நிரப்புவது போன்ற வெளிவேலைகளைப் பாதுகாப்புக்காக நிறுத்திவிடுவார்கள். ஒரு மணி நேர விமானம் அரை மணி, முக்கால் மணி தாமதமாவது இப்படித்தான். காலையில் முதல் இரண்டு மூன்று விமானங்களில் ஒன்றைப் பிடித்தால், முந்தைய பயணங்களின் தாமதம் உங்கள் தலையில் விழாது. ஆனால் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீர்ப் புயல்மழை வருவதுண்டு. அந்த மாதங்களில் அரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

7. முழுப் பயணத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து சாங்கிக்கு டாக்சியில் அரை மணி நேரம். விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். விமானம் ஒரு மணி 10 நிமிடம். இறங்கி நடந்து, குடிநுழைவு முடித்து, பெட்டி எடுக்க 45 நிமிடம். ரயிலுக்குக் காத்திருந்து, பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் நிலையம் போய்ச் சேர 45 நிமிடம். மொத்தம் ஐந்து மணி 10 நிமிடம். பெட்டி ஏற்றாமல் கைப்பையோடு மட்டும் போகிறவர்கள், இணையத்தில் முன்பே பதிவு செய்துவிட்டால் இதில் ஒரு மணி நேரத்தைக் குறைக்கலாம். அதற்கு மேல் குறைப்பது ஆபத்து.

8. கடைசி நேரம் எது என்று சீட்டிலேயே வட்டம் போட்டு வையுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பெட்டி ஏற்கும் முகப்பை விமானம் புறப்பட 60 நிமிடம் முன்பே மூடிவிடுகின்றன. வாயிலைப் பொதுவாக 15 அல்லது 20 நிமிடம் முன்பு மூடுவார்கள். விமானம் கண்ணெதிரே நின்றாலும் அதற்குப் பிறகு ஏற முடியாது. குடும்பமாகப் போகும்போது கழிவறை, காப்பி, கடை என்று ஆளுக்கொரு திசையில் பிரிவதால்தான் பெரும்பாலும் தாமதம் வருகிறது. கூடும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள்.

9. எந்த முனையம் என்று முதல் நாள் இரவே பாருங்கள். சாங்கியின் முதல் மூன்று முனையங்களுக்கிடையே வான் ரயில் ஓடுகிறது. எம்ஆர்டி ரயில் நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களை ஒட்டி இருக்கிறது. தானா மேராவில் வண்டி மாற வேண்டியிருக்கும். நான்காம் முனையம் தனியாக இருக்கிறது. எம்ஆர்டியில் வந்து அங்கே போக வேண்டுமானால் இலவசப் பேருந்து பிடிக்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரமாவது கூடுதலாக வேண்டும். விமான நிறுவனங்கள் முனையம் மாறுவது உண்டு. போன தடவை போன இடத்துக்கே கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள்.

10. கேஎல்ஐஏவிலும் முனையம் இரண்டு. ஏர்ஏசியா விமானங்கள் இரண்டாம் முனையத்தில் இறங்குகின்றன. மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவை முதல் முனையத்தைப் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் இடையே ரயிலில் சில நிமிடம்தான். ஆனாலும் வரவேற்க வரும் மாமாவிடம் முனைய எண்ணைச் சொல்லாவிட்டால் அவர் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் நிற்பீர்கள். திரும்பும்போது முதல் முனையத்தில் உங்கள் வாயில் எண் "சி" எழுத்தில் தொடங்கினால், அது துணைக் கட்டடத்தில் இருக்கிறது. ஏரோ ரயிலில் போக வேண்டும். இரண்டாம் முனையத்தில் வாயிலுக்கு நடக்கும் தூரம் அதிகம். பளபளக்கும் கடைகளைக் கடந்து, மேம்பாலம் ஏறி இறங்கி, நீண்ட நடைவழியில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

11. விமான நிலையத்திலிருந்து நகரம் வெகு தூரம். கேஎல்ஐஏ நகரத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமானத்தில் கடந்த தூரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தரையிலும் கடக்க வேண்டும். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்திலும், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடத்திலும் கேஎல் சென்ட்ரலில் விட்டுவிடும். இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலேயே. பெரியவர்களுக்குக் கட்டணம் 55 ரிங்கிட். ஒருவர், இருவர் என்றால் ரயில் நல்லது. நான்கு பேருக்கு 220 ரிங்கிட் ஆகிவிடும். அந்தத் தொகையில் பாதிக்குள்ளேயே பெரும்பாலும் வாடகைக்கார் கிடைத்துவிடும். விமான நிலையப் பேருந்து இரண்டையும்விட மலிவு. சாலை நெரிசல் இல்லாவிட்டால் சுமார் ஒரு மணி நேரம்.

12. சுபாங் விமான நிலையத்தையும் தேடிப் பாருங்கள். 1998இல் கேஎல்ஐஏ திறக்கும்வரை கோலாலம்பூரின் முதன்மை விமான நிலையம் சுபாங்தான். இப்போது அங்கே மீண்டும் விமானங்கள் வந்துபோகின்றன. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், சுபாங் ஜெயா பகுதிகளில் உறவினர் வீடு என்றால், அங்கே இறங்குவது சிப்பாங்கில் இறங்கி வருவதைவிட எளிது. தேடும்போது "கோலாலம்பூரின் எல்லா விமான நிலையங்களும்" என்று தேர்வு செய்யுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் வாடகைக்கார் செலவில் அது ஈடாகிவிடும்.

13. திரும்பும் பயணத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கேஎல்ஐஏவில் இரவு 8 மணிக்கு விமானம் என்றால், 6 மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கேஎல் சென்ட்ரலில் ரயிலில் ஏறும் நேரம் 5.15. வீட்டில் விடைபெறும் நேரம் 4.45. "எட்டு மணிக்குத்தானே விமானம், சாப்பிட்டுவிட்டுப் போகலாம்" என்று அன்போடு தடுப்பார்கள். சாப்பாட்டை மூன்று மணிக்கே போடச் சொல்லுங்கள்.

பேருந்து, ரயில், கார்

14. பேருந்து விமானத்துக்குச் சளைத்ததல்ல. நெரிசல் இல்லாத நாளில் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஐந்து முதல் ஆறு மணி நேரம். ஏழாம் குறிப்பில் போட்ட விமானக் கணக்கு ஐந்து மணி 10 நிமிடம். வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்தான். செலவோ பேருந்தில் வெகு குறைவு. பெட்டி எடை பற்றிய கவலையும் இல்லை. பல பேருந்துகள் கோலாலம்பூரில் பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் நிலையத்தில் நிற்கும். அங்கிருந்து நகருக்குள் ரயில் வசதி உண்டு. சில பேருந்துகள் நகர மையத்துக்கே போகும். சீட்டு எடுக்கும்போதே எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

15. எல்லையில் பேருந்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியில் ஒரு முறை இறங்கி ஏற வேண்டும். மலேசியப் பக்கத்தில் பெட்டிகளோடு இன்னொரு முறை இறங்கி ஏற வேண்டும். ஒரே நிறத்தில் பத்துப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் உங்களுடையது எது என்று தெரியாமல் போகும். இறங்குவதற்கு முன் பேருந்தின் எண் பலகையைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஓட்டுநரின் முகத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் வரும்வரை பேருந்து காத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். கைப்பை, பணம், கடப்பிதழ் எதையும் இருக்கையில் விட்டு இறங்காதீர்கள்.

16. ரயில் பயணம் நிதானமானது, முன்பதிவு அவசியம். தஞ்சோங் பகாரிலிருந்து நேராகக் கோலாலம்பூர் போன ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு நின்றுபோனது. இப்போது உட்லண்ட்ஸிலிருந்து ஜோகூர் பாருவுக்கு ஷட்டல் தெப்ராவ் ரயிலில் ஐந்தே நிமிடம். ஜேபி சென்ட்ரலில் இறங்கி அங்கிருந்து வடக்கே போகும் ரயிலைப் பிடிக்க வேண்டும். மின்சார ரயில் சேவை 2025 இறுதியில் ஜோகூர் பாரு வரை நீண்டதால், கோலாலம்பூருக்கு நான்கரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். உட்லண்ட்ஸில் ஏறும்போது இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே இடத்தில் முடிந்துவிடும். ஷட்டல் சீட்டுகள், அதிலும் வார இறுதிச் சீட்டுகள், சீக்கிரமே தீர்ந்துவிடும். தேதி முடிவானதும் முதலில் அதை எடுத்துவிட்டுப் பிறகு நீண்ட தூர ரயிலுக்கு எடுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். இரு நகரங்களையும் 90 நிமிடத்தில் இணைக்கும் அதிவேக ரயில் திட்டம் 2021 தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அதை நம்பி இப்போதைக்கு யாரும் திட்டம் போட வேண்டாம்.

17. காரில் போகிறவர்களுக்கு. சிங்கப்பூர்ப் பதிவு வண்டிகள் எல்லை தாண்டும்போது எரிபொருள் தொட்டியில் முக்கால் பங்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அபராதம் கட்டித் திரும்ப நேரிடும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி இல்லாத வண்டிகளுக்கு 2025 ஜூலை முதல் தண்டம் விதிக்கிறார்கள். சாலைக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிகளுக்கு விற்கத் தடை உண்டு. ரான் 97 போடுங்கள். உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான்; ஆனால் விழாக்காலத்தில் அதைக் கடக்கவே பல மணி நேரம் ஆகும். மேற்குப் பகுதியில் இருப்பவர்கள் துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைப் பயன்படுத்தலாம். ஓட்டுபவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓய்வெடுக்கட்டும். மாச்சாப், ஆயர் குரோ ஓய்விடங்கள் வழியிலேயே இருக்கின்றன.

ஆவணங்கள்

18. வருகை அட்டையை வீட்டிலேயே நிரப்புங்கள். மலேசியாவுக்குள் போகும் வெளிநாட்டினர் 2024 ஜனவரி முதல் மின்னிலக்க வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. சிங்கப்பூருக்குள் வர எஸ்ஜி வருகை அட்டை வேண்டும். வான்வழியே திரும்பும் சிங்கப்பூரர்களும் இதை நிரப்ப வேண்டும். இரண்டையும் வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பலாம். இரண்டுமே இலவசம். பணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள்.

19. கடப்பிதழில் ஆறு மாதம் இருக்கிறதா? பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடப்பிதழ் இரு நாட்டுக்கும் தேவை. பக்கத்து நாடுதானே என்று இதைப் பார்க்காமல் போய்ப் பலர் முகப்பிலேயே திரும்புகிறார்கள். குழந்தைகளின் கடப்பிதழைத் தனியாகப் பாருங்கள். பெரியவர்களுடையதைவிட அது சீக்கிரம் காலாவதியாகும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2026 இறுதி வரை விசா இல்லாமல் மலேசியாவில் 30 நாள் தங்கலாம். ஆனால் சிங்கப்பூருக்கு அவர்களுக்கு விசா கட்டாயம்.

20. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு. இரண்டு ஊரையும் பார்ப்பதாக இருந்தால், சிங்கப்பூருக்குப் போய்ச் சிங்கப்பூரிலிருந்தே திரும்பும் சீட்டு வேண்டாம். சென்னை அல்லது திருச்சியிலிருந்து ஓர் ஊரில் இறங்கி, மற்ற ஊரிலிருந்து ஏறுங்கள். வந்த வழியே திரும்பும் 350 கிலோமீட்டரும் அரை நாளும் மிச்சம். ஒரு விமானத்தில் இறங்கி இன்னொன்றில் ஏறுவதாக இருந்தால், இரண்டையும் ஒரே பதிவில் எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது சீட்டுப் பணம் போனது போனதுதான்.

பெட்டியில் என்ன வைக்கலாம்?

21. ஊறுகாயும் தொக்கும் பெரிய பெட்டிக்குள். கைப்பையில் திரவமும் களிம்பும் ஒவ்வொன்றும் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், தொக்கு, நெய், தேங்காய் எண்ணெய், தயிர் எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் தாள் வைத்து மூடி, இரண்டு உறைகளில் கட்டி, துணிகளின் நடுவில் வையுங்கள். முறுக்கு, அதிரசம், சாம்பார்ப் பொடி ஆகியவற்றைக் கையிலேயே கொண்டுபோகலாம். டுரியானை விமானத்துக்குள் விடமாட்டார்கள். சிங்கப்பூர் எம்ஆர்டியிலும் அதற்குத் தடை. அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

22. பவர் பேங்க் கைப்பையில்தான். பெரிய பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்க உங்களை அழைப்பார்கள். 100 வாட்-மணி வரை முன்அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் கொண்டது 74 வாட்-மணிதான். ஆனால் 30,000 எம்ஏஎச் கொண்டது வரம்பைத் தாண்டிவிடும். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களில் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது. அதனால் கைத்தொலைபேசியைக் கிளம்பும் முன்பே முழுவதும் மின்னேற்றிக்கொள்ளுங்கள். இரு நாட்டிலும் ஒரே வகைச் சதுர முள் செருகிதான். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் மட்டும் மாற்றுச் செருகி வைத்துக்கொண்டால் போதும்.

23. சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாதவை. மெல்லும் கம் 1992 முதல் தடை செய்யப்பட்டது. மின்சிகரெட் முற்றாகத் தடை. பிடிபட்டால் தண்டனை கடுமை. சிகரெட்டுக்குத் தீர்வைச் சலுகையே இல்லை. ஒரு பெட்டி என்றாலும் தெரிவித்து வரி கட்ட வேண்டும். மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மதுவுக்கும் தீர்வைச் சலுகை இல்லை. வாங்கிய பொருள்களுக்கு 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வெளியே இருந்திருந்தால் 500 வெள்ளி வரையும், அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரையும் பொருள், சேவை வரி இல்லை. வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவற்றில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. புடவையும் நகையும் வாங்கி வருகிறவர்கள் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுப் பெரியவர்களும் குழந்தைகளும்

24. குறைந்த நேர விமானத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இந்த வழியில் ஏறுவதும் இறங்குவதும் அடுத்தடுத்து வருவதால் குழந்தைகளுக்குக் காது அடைத்துக்கொண்டே இருக்கும். இறங்கத் தொடங்கும்போது கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்; பெரிய குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுங்கள். கழிவறைக்குப் போக விமானத்தில் நேரம் இருக்காது. எல்லோரையும் ஏறுவதற்கு முன்பே அழைத்துப் போய்விடுங்கள். நடக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டிக்குச் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள்; இதில் கூச்சம் வேண்டாம். இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் மருத்துவச் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். பயணம் ஒரு மணி நேரம்தான் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்கு ஐந்து மணி நேர இடைவெளி ஆகாது. பிஸ்கட்டோ பழமோ கைவசம் இருக்க வேண்டும்.

25. நாள் பார்த்துக் கிளம்புங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி ஆகியவற்றின் முன்னும் பின்னும் சாலையும் விமானமும் நிரம்பி வழியும். சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையான ஜூன், நவம்பர், டிசம்பர் மாதங்களிலும் அப்படியே. தைப்பூசம் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஜோகூரிலும் பொது விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. பத்துமலைக்குப் போகிறவர்கள் முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில் கோயில் வாசல் அருகிலேயே இறக்கிவிடும். மேலே ஏற 272 படிகள். அன்றைக்குக் காரில் அந்தப் பக்கம் போகவே கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனியாக, கைப்பையோடு, காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும் என்றால் விமானம்தான் சரி. குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் போகிறவர்களுக்குப் பேருந்தோ காரோ ஏற்றது. நிதானமாகப் போக விரும்பும் பெரியவர்களுக்கு ரயில் சுகம். எதில் போனாலும் வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை அரை நாள் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி யாராவது உங்களிடம் "விமானத்தில் எவ்வளவு நேரம்?" என்று கேட்டால், "ஒரு மணி நேரம்" என்று சொல்லி நிறுத்திவிடாமல், வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.